சான் அன்டோனியோவின் ஐந்து மிஷன்கள்: ஸ்பானிய எல்லைப்புற வரலாற்றைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

டெக்சாஸில் வசிக்கும் நம்மவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் சான் அன்டோனியோவுக்கு ஒருமுறையாவது கூட்டிப்போய்விடுவார்கள். அலமோ வாசலில் ஒரு படம், ரிவர்வாக்கில் படகு, இருட்டுவதற்குள் வீடு. அந்த அலமோவே முதலில் ஒரு மிஷன்தான், அதாவது பழங்குடிகளைக் கிறிஸ்தவர்களாக்க ஸ்பெயின் அரசின் ஆதரவில் துறவிகள் நடத்திய கோவில் குடியிருப்பு. அதே ஆற்றின் ஓரமாகத் தெற்கே இன்னும் நான்கு மிஷன்கள் இருக்கின்றன. அங்கே வரை போகிறவர்களும் கோவில் முகப்பைப் பார்த்துவிட்டு, பலகையில் எழுதியிருப்பதைப் பாதி படித்துவிட்டு காருக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

கட்டடத்தில் தொடங்கினால் இந்த வரலாறு பிடிபடாது. அதனால் இந்த வழிகாட்டியில் கட்டடத்தைக் கடைசிப் படியில் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் வரும் படிகளை வீட்டிலிருந்தே செய்யலாம். எல்லாப் படிகளிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே வாருங்கள்: இந்த இடம் யாருக்கு, எதற்காகத் தேவைப்பட்டது? ஸ்பெயின் அரசனுக்கு ஒரு தேவை இருந்தது. பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகளுக்கு ஒன்று. உள்ளே வந்து குடியிருந்த பழங்குடிக் குடும்பங்களுக்கு முற்றிலும் வேறொன்று. மூன்றும் ஒத்துப்போன இடத்தில் மிஷன் நிலைத்தது, ஒத்துப்போகாத இடத்தில் சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை.

படி 1: வரைபடத்தில் பிரெஞ்சுக்காரர்களைத் தேடுங்கள்

ஒரு தாளில் நான்கு இடங்களைக் குறியுங்கள். அடியில் மெக்சிகோ நகரம். அதற்கு வெகு வடக்கே ரியோ கிராண்டே ஆறு. வலப்பக்கம் கடற்கரையில் மட்டகோர்டா விரிகுடா. இன்னும் வலப்பக்கம், இன்றைய லூசியானா மாநிலத்தில், நாக்கடிஷ் என்ற ஊர். சான் அன்டோனியோவை இப்போதைக்குக் குறிக்க வேண்டாம். அது ஏன் அங்கே வந்தது என்பது இந்தப் படியின் முடிவில்தான் தெரியும்.

டெக்சாஸ் தன்னுடையது என்று ஸ்பெயின் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் 1680கள் வரை அங்கே போய் உட்கார அதற்கு அவசரம் இல்லை. 1685இல் லா சால் என்ற பிரெஞ்சுக்காரர், மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தைத் தேடி வந்து, தவறவிட்டு, மட்டகோர்டா விரிகுடாப் பக்கம் கரையிறங்கினார். செய்தி அப்போது ஸ்பெயின் ஆண்ட மெக்சிகோவுக்கு எட்டியதும் தேடுதல் படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. 1689இல் அலோன்சோ தெ லியோன் இடத்தைக் கண்டுபிடித்தபோது அங்கே பாழ்தான் மிச்சம். லா சாலை அவருடைய ஆட்களே 1687இல் கொன்றிருந்தார்கள். குடியேற்றத்தில் எஞ்சியிருந்தவர்களை அந்தக் கடற்கரையின் கரன்காவா மக்கள் அழித்திருந்தார்கள்.

பிரெஞ்சுக்காரர் போனாலும் பயம் போகவில்லை. 1690இல் கிழக்கு டெக்சாஸில், காடோ இனத்தின் ஹசினாய் மக்கள் நடுவில் முதல் மிஷன் எழுந்தது. அடுத்த ஆண்டே கொள்ளைநோய் வந்தது. சாகக் கிடந்தவர்களுக்கெல்லாம் துறவிகள் அவசர ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீர் பட்டவர்கள் செத்துப்போகிறார்கள் என்று ஹசினாய்கள் முடிவுக்கு வந்தார்கள். கண்ணால் பார்த்ததை வைத்து வேறு எந்த முடிவுக்கு வந்திருக்க முடியும்? 1693இல் நிலைமை முற்றியது. துறவிகள் மணிகளைப் புதைத்து, கோவிலைத் தாங்களே கொளுத்திவிட்டுக் கிளம்பினார்கள்.

அப்புறம் இருபது ஆண்டுகளுக்கு மேல் எதுவும் இல்லை. இடையில் பிரெஞ்சுக்காரர்கள் லூசியானாவில் காலூன்றினார்கள், ஸ்பெயினுக்கு மறுபடி டெக்சாஸ் ஞாபகம் வந்தது. 1716, 1717இல் கிழக்கு டெக்சாஸில் ஆறு மிஷன்கள். ரியோ கிராண்டேவிலிருந்து அங்கே போகும் பாதையோ மிக நீளம். நடுவில் தங்கவும், தானியம் சேர்க்கவும், குதிரை மாற்றவும் ஓர் இடம் வேண்டும். வற்றாத ஊற்றுகளும் நல்ல மண்ணும் உள்ள ஓர் ஆற்றங்கரையை முந்தைய பயணங்களிலேயே பார்த்துவைத்திருந்தார்கள். 1691இல் புனித அந்தோணியார் திருநாளன்று அங்கே தங்கியவர்கள் அவர் பெயரையே இடத்துக்கு வைத்திருந்தார்கள். 1718 மே 1 அன்று துறவி ஒலிவாரெஸ் அங்கே சான் அன்டோனியோ தெ வலேரோ மிஷனைத் தொடங்கினார். நான்கு நாள் கழித்து, மே 5 அன்று, ஆளுநர் மார்ட்டின் தெ அலார்கோன் பக்கத்திலேயே ஒரு படைமுகாம் அமைத்தார். இப்போது சான் அன்டோனியோவை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள், ரியோ கிராண்டேவுக்கும் கிழக்கு டெக்சாஸுக்கும் இடையில்.

அடுத்த ஆண்டு நடந்ததைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஐரோப்பாவில் பிரான்சும் ஸ்பெயினும் போரில் இருந்த நேரம். 1719 ஜூனில் நாக்கடிஷிலிருந்து புளோண்டெல் என்ற அதிகாரி ஏழு வீரர்களோடு கிளம்பி எல்லையை ஒட்டிய அடாயெஸ் மிஷனைப் பிடித்தார். அப்போது உள்ளே இருந்தது ஒரு துறவற சகோதரரும் ஒரு சிப்பாயும். பிரெஞ்சுக்காரர்கள் கோழிக்கூட்டைக் கொள்ளையடித்துக் கோழிகளைக் குதிரை மேல் கட்டினார்கள். அவை சிறகடித்ததில் குதிரை மிரண்டு புளோண்டெலைக் கீழே தள்ளியது. அந்தக் குழப்பத்தில் சகோதரர் தப்பியோடி, பெரும் படை வருவதாக அடுத்த மிஷன்களில் சொன்னார். மொத்தக் கிழக்கு டெக்சாஸும் காலியாகி சான் அன்டோனியோவில் வந்து நின்றது. இதற்கு 'கோழிப் போர்' என்றே பெயர். சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஓர் எல்லை மாகாணத்தை எத்தனை சொற்ப ஆட்களை வைத்து ஸ்பெயின் பிடித்துக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

படி 2: எந்த மிஷன் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

இணையத்தில் தேடினால் இந்த ஐந்து மிஷன்களுக்கும் ஒன்றுக்கொன்று ஒட்டாத தொடக்க ஆண்டுகள் கிடைக்கும். பெரும்பாலும் எதுவும் பிழை இல்லை. மிஷன் என்பது அடிப்படையில் ஓர் அரசாணை, சில துறவிகள், பூசைப் பாத்திரங்கள், பதிவேடுகள், கால்நடைகள். இவற்றை மூட்டை கட்டி வேறு ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனாலும் மிஷன் அதுவேதான்.

வலேரோ, ரியோ கிராண்டே ஓரத்தில் சான் பிரான்சிஸ்கோ சோலானோ என்ற பெயரில் இருந்த மிஷனின் தொடர்ச்சி. அதன் ஞானஸ்நானப் பதிவுகள் 1703இலேயே தொடங்குகின்றன. சான் அன்டோனியோ வந்த பிறகும் இரண்டு முறை இடம் மாறித்தான் 1724 வாக்கில் இப்போது அலமோ நிற்கும் இடத்துக்கு வந்தது. சான் ஹொசே மட்டும் இங்கேயே பிறந்தது. கோழிப் போரில் ஓடிவந்த துறவி மார்கில் சும்மா இருக்க மனமில்லாமல் 1720இல் தொடங்கினார். ஒலிவாரெஸுக்கு அது பிடிக்கவில்லை. இருவரும் பிரான்சிஸ்கன்கள்தான், ஆனால் துறவிகளைப் பயிற்றுவித்து மிஷன்களுக்கு அனுப்பும் கல்லூரிகளில் ஒலிவாரெஸ் கெரேட்டாரோவைச் சேர்ந்தவர், மார்கில் சகடேகாஸ். ஒரே ஆறு, ஒரே மக்கள், இரண்டு கல்லூரிகள் என்றால் உரசல் வராமல் இருக்குமா?

மற்ற மூன்றும், கோழிப் போருக்குப் பிறகு ஸ்பானியர்கள் திரும்பிப் போய்க் குடியேறியிருந்த கிழக்கு டெக்சாஸிலிருந்து பெயர்ந்து வந்தவை. ஹசினாய்கள் விவசாயிகள். சொந்த வயல் இருந்தது, பிரெஞ்சுக்காரரிடம் துப்பாக்கி கிடைத்தது, பண்ணைகளில் பரவி வாழ்ந்தார்கள். மிஷன் சுவருக்குள் வந்து குடியிருக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை, வரவும் இல்லை. பெத்ரோ தெ ரிவேரா என்ற படை அதிகாரி ஆய்வுக்கு வந்து, செலவுக்கேற்ற பலன் இல்லை என்று எழுத, அங்கிருந்த படைமுகாம் ஒன்று மூடப்பட்டது. பாதுகாப்பில்லாமல் நின்ற மூன்று மிஷன்கள் 1730இல் இன்றைய ஆஸ்டின் பக்கம் கொலராடோ ஆற்றங்கரைக்கு வந்தன. அங்கும் சரிப்படவில்லை. 1731 மார்ச்சில் சான் அன்டோனியோ ஆற்றுக்கு வந்து சேர்ந்தன. அவைதான் கன்செப்ஸியோன், சான் ஹுவான் கபிஸ்திரானோ, எஸ்படா.

செலவைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். துறவி ஒருவருக்கு அரசு ஆண்டுக்கு 450 பேசோ கொடுத்தது. சில சிப்பாய்களையும் தந்தது. பத்து ஆண்டுகளில் மக்களைக் கிறிஸ்தவர்களாக, வரி கட்டும் ஸ்பானியக் குடிகளாக ஆக்கி, நிலத்தைப் பிரித்துக் கொடுத்து, கோவிலைச் சாதாரணப் பங்குக் கோவிலாக மறைமாவட்டத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது காகிதத்தில் இருந்த திட்டம். நிரந்தரமாக நடத்தும் எண்ணத்தோடு எந்த மிஷனும் தொடங்கப்படவில்லை. சான் அன்டோனியோவில் அந்தப் பத்து ஆண்டு எழுபதைத் தாண்டியது.

படி 3: உள்ளே வந்தவர்களின் பக்கம் நின்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பெரும்பாலான சுற்றுலாக் கையேடுகள் தாண்டிப்போவது இதைத்தான்.

தெற்கு டெக்சாஸிலும் வடகிழக்கு மெக்சிகோவிலும் நூற்றுக்கணக்கான சிறு குழுக்கள் வாழ்ந்தன: பயாயா, பம்போபா, பாஸ்தியா, பஹலாட் இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பின்னாளில் வந்தவர்கள் எல்லோரையும் சேர்த்து 'கோவாவில்தெக்கர்' என்றார்கள். அவர்கள் தங்களை ஒரே இனமாக நினைத்ததில்லை, எல்லோருக்கும் ஒரே மொழியும் இல்லை. வேட்டையாடினார்கள், கிழங்கு தோண்டினார்கள். கோடையில் சப்பாத்திக்கள்ளிப் பழம் கனியும் காடுகளுக்குப் போனார்கள், இலையுதிர் காலத்தில் பெக்கான் கொட்டை உதிரும் ஆற்றங்கரைகளுக்கு வந்தார்கள்.

1700 வாக்கில் அவர்களை இரண்டு பக்கமும் நெருக்கின. தெற்கிலிருந்து ஸ்பானியர்களின் அம்மை நோயும், சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் ஆள் பிடிப்பவர்களும். வடக்கிலிருந்து குதிரையேறிய அப்பாச்சிகள். அந்த அப்பாச்சிகளையே கொமாஞ்சிகள் என்ற இன்னொரு பழங்குடியினர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைந்துபோன ஒரு சிறு குழுவுக்குச் சுவர், துப்பாக்கி, ஆண்டு முழுக்க மக்காச்சோளம் என்பது யோசிக்க வேண்டிய ஏற்பாடு. ஆகவே வந்தார்கள். கடவுள் நம்பிக்கை மாறி வந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. தலைவர்கள் பேச்சுவார்த்தை நடத்தி, குடும்பங்களை அழைத்துக்கொண்டு வந்தார்கள் என்பதற்குத் தடயம் இருக்கிறது. சான் ஹொசே தொடங்கியதே பம்போபா, பாஸ்தியா, சுலியஹாமே என்ற மூன்று குழுக்களின் தலைவர்களோடு நடந்த ஏற்பாட்டில்தான்.

வந்தவர்கள் தங்கள் பருவக் கணக்கை விடவில்லை. கள்ளிப்பழம் கனியும் மாதத்தில் குடும்பம் குடும்பமாகக் காணாமல் போனார்கள். துறவிகள் சிப்பாயோடு போய்த் தேடி அழைத்து வந்தார்கள், சில சமயம் இழுத்து வந்தார்கள். மிஷனில் ஒருமுறை ஞானஸ்நானம் பெற்றவர் நினைத்தபோது வெளியேற முடியாது என்பது விதி. வந்தது அவர்கள் விருப்பம், தங்குவது அவர்கள் கையில் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத எந்த விவரணையையும் நான் நம்புவதில்லை.

அவர்கள் உள்ளே எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அறிய ஒரு விசித்திரமான சன்னல் இருக்கிறது. பர்த்தொலொமே கார்சியா என்ற துறவி கோவாவில்தெக்கோ மொழி கற்று, அதில் திருவருட்சாதனங்கள் வழங்குவதற்கான கையேடு ஒன்றை 1760இல் அச்சிட்டார். அந்த மொழியைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அதிலிருந்து வருவதுதான். பாவசங்கீர்த்தனத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக இருக்கின்றன, மிஷன் தொடங்கி நாற்பது ஆண்டுக்குப் பிறகும்: பெயோட்டே என்ற போதைக் கள்ளியைத் தின்றாயா என்பது அவற்றில் ஒன்று. துறவி அதை அச்சில் கோக்கும் அளவுக்கு அந்தப் பழக்கம் தொடர்ந்திருக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்ளலாம். தடை செய்தவரின் பட்டியலே தடை எடுபடவில்லை என்பதற்குச் சாட்சியாகிறது.

படி 4: தண்ணீரைப் பின்தொடருங்கள்

மழையை நம்பி மக்காச்சோளம் போட முடியாத ஊர் அது. அதனால் கோவிலுக்கு முன்னாலேயே வாய்க்கால் வெட்டினார்கள். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்கள் ஆண்ட மூரிஷ் காலத்திலிருந்தே ஸ்பெயினில் நன்றாகத் தேறியிருந்த தொழில்நுட்பம் இது. மேலே ஆற்றின் குறுக்கே அணை கட்டி, நீரைத் திருப்பி, ஆற்றைவிட உயரமான கரையோரமாகவே வாட்டம் பார்த்து வாய்க்காலைக் கொண்டுபோய், மடை திறந்து வயலுக்கு விட்டு, மிச்சத்தை மறுபடி ஆற்றில் சேர்ப்பது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஆற்றங்கரை நெடுக இப்படி ஏழு வாய்க்கால்கள், மொத்தம் சுமார் 24 கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய 3,500 ஏக்கர் பாசனம். தோண்டியது, கல் சுமந்தது, ஆண்டுதோறும் தூர் வாரியது எல்லாம் மிஷன் மக்கள். நேற்றுவரை வேளாண்மை செய்யாதவர்கள் இவ்வளவையும் கற்றுக்கொண்டு செய்தார்கள்.

எஸ்படா மிஷனின் வாய்க்கால் ஓரிடத்தில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். அதற்கு 1740களில் கல்லால் ஒரு தொட்டிப்பாலம் கட்டினார்கள். கீழே இரண்டு வளைவுகளுக்குள் ஓடை போகிறது, மேலே வாய்க்கால் போகிறது. இன்றும் அதில் தண்ணீர் ஓடுகிறது. இந்த ஐந்து மிஷன்களிலும் என்னை மிகவும் கட்டிப்போட்டது எது என்று கேட்டால், எந்தக் கோவிலையும் சொல்லமாட்டேன், இந்தத் தொட்டிப்பாலத்தைத்தான் சொல்வேன். சுற்றுலாப் பேருந்துகள் பல அங்கே நிற்பதேயில்லை.

வாய்க்கால் வந்ததும் மக்காச்சோளம், அவரை வகைகள், மிளகாய், பூசணி, பருத்தி வந்தன. பருத்தியும் ஆட்டுரோமமும் நெய்ய சான் ஹொசேவில் தறிகள். கால்நடைகள் பெருகியபோது ஊரருகே மேய்க்க முடியவில்லை. தெற்கே தூரத்தில் தனிப் பண்ணைகள் வைத்தார்கள். எஸ்படாவின் பண்ணையான ராஞ்சோ தெ லாஸ் காப்ராஸ் இன்றைய புளோரஸ்வில் பக்கம் இடிபாடாக இருக்கிறது. பழங்குடியினர் குதிரையேறக் கூடாது என்பது காலனியின் பொது வழக்கம். ஆயிரக்கணக்கான மாடுகளை நடந்தே மேய்க்க முடியுமா? மிஷன் ஆட்கள் குதிரையேறினார்கள், கயிறு வீசினார்கள். டெக்சாஸ் கௌபாய் என்று உலகம் அறிந்த தொழிலின் முதல் தலைமுறையில் அவர்களும் உண்டு. திரைப்படங்களில் அவர்களைத் தேடாதீர்கள்.

மூன்று மிஷன்கள் வந்து சேர்ந்த அதே 1731 மார்ச்சில், ஸ்பெயினின் கேனரி தீவுகளிலிருந்து ஐம்பத்துச் சொச்சம் பேர் அரசன் செலவில் வந்து சேர்ந்து ஊர் ஒன்றை அமைத்தார்கள். அன்றிலிருந்து அவர்களுக்கும் மிஷன்களுக்கும் வழக்கு ஓயவில்லை. உங்கள் மாடு எங்கள் வயலில் மேய்ந்தது, எங்கள் தண்ணீரை நீங்கள் திருப்பினீர்கள், படைமுகாமுக்கு மக்காச்சோளத்தை நீங்களே விற்றால் நாங்கள் எப்படிப் பிழைப்பது, உங்கள் ஆட்களை எங்கள் வயல் வேலைக்கு அனுப்புங்கள். துறவிகள் மறுத்தார்கள். 1745இல்தான் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மனுக்களைப் படித்தால் ஒன்று தெரியும்: துறவிகள் தங்கள் மக்களைக் காப்பாற்றினார்கள் என்பதும் உண்மை, அந்த மக்களின் உழைப்பைத் தங்கள் கையைவிட்டுப் போகவிடவில்லை என்பதும் உண்மை.

படி 5: பதிவேடுகளைக் கணக்குப்பிள்ளை மாதிரி படியுங்கள்

துறவிகள் எழுதிவைப்பதில் கறாரானவர்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம். ஒரு ஞானஸ்நானக் குறிப்பில் வரிசை எண், தேதி, வைத்த பெயர், பெற்றோர், அவர்களின் குழு, ஞானப்பெற்றோர், துறவியின் கையொப்பம் இருக்கும். இவற்றை ஆராய்ந்து வெளியிட்டவர்கள் பலர் இருக்கிறார்கள், ஸ்பானியம் தெரியாமலேயே அட்டவணைகளைப் பின்பற்றலாம்.

என்ன செய்ய வேண்டும்? முதலில் ஞானஸ்நானத்தையும் அடக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிறந்த குழந்தைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. உள்ளே பிறந்தவர்களால் மிஷனின் மக்கள்தொகை நிற்கவில்லை, வெளியிலிருந்து ஆட்களை அழைத்து வந்துகொண்டே இருந்ததால்தான் நின்றது. 1739இல் பெரியம்மையும் தட்டம்மையும் சேர்ந்து வந்தபோது 300 பேர் இருந்த வலேரோவில் 184 பேர் மிஞ்சினார்கள். பிறகு எண்ணிக்கை மறுபடி ஏறுகிறது. அதைப் பார்த்து மீண்டுவிட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். பழைய பெயர்கள் அடக்கப் புத்தகத்துக்குப் போய்விட்டன, ஏறியது புதிய குழுக்களின் பெயர்கள்.

அடுத்து, குழுப் பெயர் எழுதும் இடத்தைக் கவனியுங்கள். ஆண்டுகள் போகப் போக அந்தப் பெயர்கள் அருகி, பொதுவாக 'இந்தியர்' என்று மட்டும் எழுதும் வழக்கம் வருகிறது. ஒரு பயாயாப் பெண் பஹலாட் ஆணை மணந்தால் பிள்ளை என்ன குழு? சான் ஹொசே ஊரானாகிறது. இப்படி மெல்ல மெல்ல மிஷனே ஒரு புது ஊரடையாளம் ஆனது.

கடிதங்களையும் அறிக்கைகளையும் படிக்கும்போது யார் யாருக்கு எழுதுகிறார் என்று முதலில் பாருங்கள். மேலிடத்துக்கு எழுதும் துறவி ஒன்று சாதனை சொல்வார், அல்லது உதவி கேட்பார். ஆளுநர் எழுதினால் துறவிகள் மேல் குறை இருக்கும். 1736இல் வந்த ஆளுநர் பிராங்கிஸ் தெ லூகோ மிஷன் காவலுக்கிருந்த சிப்பாய்களைக் குறைத்து, துறவிகளோடு வெளிப்படையாகவே மோதினார். அந்த ஓரிரு ஆண்டுகளைப் பற்றி இரு தரப்பும் எழுதியதைச் சேர்த்துப் படித்தால்தான் நடுவில் என்ன நடந்தது என்று ஊகிக்க முடியும்.

மிஷன் மக்கள் தாங்களே எழுதியது ஏறக்குறைய இல்லை. அவர்கள் குரலைத் தேட வேண்டிய இடம் தோண்டிய குழிகள். குடியிருப்பு அறைகளில் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தவை: மெக்சிகோவிலிருந்து வந்த மெருகிட்ட பீங்கான், அதன் பக்கத்திலேயே எலும்புத் தூள் கலந்து அவர்கள் கையால் வனைந்த மண்பாண்டம். சிறு கல் அம்புமுனைகள். வீட்டு மாட்டின் எலும்போடு காட்டு மானின் எலும்பும். ஸ்பானியப் பொருளை வாங்கிக்கொண்டார்கள், பழைய கைவேலையையும் விடவில்லை.

படி 6: தோற்றுப்போன ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்

வெற்றி பெற்ற ஐந்தை மட்டும் பார்த்தால் மிஷன் என்றாலே நடக்கும் என்று தோன்றிவிடும். சான் சபாவைப் பாருங்கள்.

பல ஆண்டுகள் சண்டைக்குப் பிறகு 1749இல் அப்பாச்சிகள் சான் அன்டோனியோவில் சமாதானம் செய்துகொண்டார்கள். ஊர்த் திடலில் குழி தோண்டி, உயிருள்ள குதிரையோடு கோடரி, ஈட்டி, அம்புகளைப் போட்டு, எல்லோரும் சேர்ந்து மண் தள்ளி மூடினார்கள். அதன் தொடர்ச்சியாக லிபான் அப்பாச்சிகளுக்கென்று 1757இல் வடமேற்கே சான் சபா ஆற்றங்கரையில் மிஷன் திறந்தது. வெள்ளிச் சுரங்கத்தில் பெரும் பணம் பார்த்த பெத்ரோ ரொமேரோ தெ டெர்ரெரோஸ் செலவை ஏற்றார். அவருடைய உறவினரான துறவி அலோன்சோ தெ டெர்ரெரோஸ் தலைமை தாங்கினார். லிபான்கள் வந்தார்கள், பார்த்தார்கள், எருமை வேட்டைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் குடியேறவில்லை. கொமாஞ்சிகளோ இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள்: ஸ்பானியர்கள் நம் எதிரியோடு சேர்ந்துவிட்டார்கள். 1758 மார்ச் 16 அன்று கொமாஞ்சிகளும் அவர்களுடைய வடக்குக் கூட்டாளிகளும் சுமார் இரண்டாயிரம் பேர் வந்து மிஷனைக் கொளுத்தினார்கள். டெர்ரெரோஸ் உட்பட இரு துறவிகளும் வேறு சிலரும் இறந்தார்கள். சில கிலோமீட்டரில் இருந்த படைமுகாமால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சுரங்க அதிபர் அந்தச் சம்பவத்தைப் பெரிய ஓவியமாக வரையச் செய்தார். இப்போது மெக்சிகோ நகரத்தின் தேசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு துறவிகள் வேதசாட்சிகளாக இருபுறமும் பெரிதாக நிற்க, நடுவில் பொடிப்பொடியாகத் தாக்குதல் காட்சிகள். இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். வந்து பார்த்துவிட்டுப் போன லிபான்கள் என்ன நினைத்தார்கள் என்பது அந்தத் துணியில் இல்லை.

படி 7: எப்படி முடிந்தது என்பதைத் தேவைகளை வைத்தே கணக்கிடுங்கள்

1762இல் லூசியானா ஸ்பெயின் கைக்கு வந்தது. அதோடு டெக்சாஸ் எல்லைப்புறமாக இருப்பதற்கான காரணமே போயிற்று. அரசன் அனுப்பிய ரூபி பிரபு எல்லைப்புறத்தை ஆய்வு செய்து பரிந்துரைக்க, 1773இல் கிழக்கு டெக்சாஸ் காலி செய்யப்பட்டது, தலைநகர் சான் அன்டோனியோவுக்கு மாறியது. அதே வாக்கில் கெரேட்டாரோ கல்லூரியும் தன் மிஷன்களைச் சகடேகாஸிடம் கொடுத்துவிட்டுப் போனது. 1767இல் இயேசு சபையினர் ஸ்பானிய நாடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டதால் வடமேற்கு மெக்சிகோவின் சொனோரா பக்கம் காலியான மிஷன்களைக் கவனிக்கக் கெரேட்டாரோவுக்கு ஆள் தேவைப்பட்டது.

பொருளாதார அடி 1778இல் விழுந்தது. உரிமையாளரின் சூட்டு முத்திரை போடாத மாடுகள் எல்லாம் அரசனுக்குச் சொந்தம், பிடித்தால் தலைக்கு இவ்வளவு கட்டணம் என்று படைத்தலைவர் தெயோதோரோ தெ குருவா ஆணையிட்டார். அப்பாச்சி பயத்தில் முத்திரை போடாமலேயே பல்லாண்டு திறந்த வெளியில் மேய்ந்துகொண்டிருந்த மிஷன் மந்தைகளின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மக்கள் பக்கம் பார்த்தால், சுற்றுப்புறத்தில் அழைத்துவரப் புதிய குழுக்களே மிச்சமில்லை. உள்ளே இருந்தவர்கள் ஸ்பானியம் பேசினார்கள், ஊர்க்காரர்களை மணந்தார்கள்.

1793இல் வலேரோ மிஷன் அந்தஸ்தை இழந்தது. நிலம் அங்கிருந்த குடும்பங்களுக்கும் வேறு சிலருக்கும் பிரிக்கப்பட்டது. மற்ற நான்கும் 1794இல் பகுதியாகவும் 1824இல் முழுமையாகவும் முடிந்தன. காலியான வலேரோவில் 1803இல் அலமோ தெ பர்ராஸ் என்ற ஊரிலிருந்து வந்த குதிரைப்படை தங்கியது, அதன் பெயரே கட்டடத்துக்கு ஒட்டிக்கொண்டது. டெக்சாஸ் மெக்சிகோவிலிருந்து பிரிந்தபோது அங்கே நடந்த 1836 போர் எல்லோருக்கும் தெரிந்த கதை, இங்கே தேவையில்லை.

படி 8: இப்போது நேரில் போங்கள், தெற்கிலிருந்து

எல்லோரும் அலமோவில் தொடங்கித் தெற்கே போவார்கள், இரண்டாவது மிஷனிலேயே களைத்துவிடுவார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். தெற்கே உள்ள நான்கும் தேசியப் பூங்காவில் அடங்கியவை, கட்டணம் கிடையாது. ஆற்றோரம் நல்ல பாதை இருக்கிறது, மிதிவண்டியும் வாடகைக்குக் கிடைக்கும். கோடையில் போனால் காலையிலேயே முடித்துவிடுங்கள், வெயில் தாங்காது.

முதலில் எஸ்படாவின் அணை, தொட்டிப்பாலம், பிறகு சின்னக் கோவில். அடுத்து சான் ஹுவான். அங்கே பழைய வாய்க்காலிலிருந்து இப்போது மறுபடி வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. சான் ஹொசேவில் நேரே கோவிலுக்குப் போகாமல் மதில் சுவரின் உட்பக்கம் சுற்றி வாருங்கள். சுவரை ஒட்டிய வரிசை அறைகள்தான் குடும்பங்கள் வாழ்ந்த இடம். புகழ்பெற்ற ரோஜா சன்னலைச் செதுக்கியவர் பெத்ரோ ஊயிசார் என்றும், கடலில் இறந்த காதலிக்காகச் செதுக்கினார் என்றும் வழிகாட்டிகள் சொல்வார்கள். காதல் கதைக்கு ஆதாரம் கிடையாது. ஊயிசார் உண்மையான ஆள், பின்னாளில் மிஷன் நிலங்களை அளந்து பிரித்தவர்களில் ஒருவர், என்னைக் கேட்டால் அந்தக் கதைதான் சுவாரசியம். கோவிலின் குவிமாடம் 1874இலும் கோபுரம் 1928இலும் விழுந்தன, நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி 1930களில் சீரமைத்தது.

கன்செப்ஸியோன் 1755இலிருந்து விழாமல் நிற்கிறது. நூலக அறையில் அண்ணாந்து பாருங்கள். கூரையில் ஒரு கண் மட்டும் தெரிந்த காலத்தில் அதைக் 'கடவுளின் கண்' என்றார்கள். 1988இல் அழுக்கு நீக்கியபோது கதிர்கள் சூழ்ந்த ஒரு முழு முகம் வெளிப்பட்டது, மீசையோடு. யார் முகம் என்று இன்னும் வாதம் நடக்கிறது. வெளிச்சுவரிலும் வண்ணக் கட்டங்களின் மிச்சம் அங்கங்கே ஒட்டியிருக்கும். இந்தக் கோவில்கள் கட்டிய காலத்தில் சாம்பல் நிறத்தில் இருக்கவில்லை, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருந்தன.

கடைசியாக அலமோ. அதன் கோவில் மிஷன் காலத்தில் கட்டி முடிக்கப்படவே இல்லை. எல்லாப் படங்களிலும் வரும் அந்த வளைந்த உச்சி 1850 வாக்கில் அமெரிக்க ராணுவம் வைத்தது. வாசல் வளைவின் நடுக்கல்லில் 1758 என்று செதுக்கியிருக்கும், கூட்டம் விலகும்வரை நின்று பாருங்கள்.

நான்கு தெற்குக் கோவில்களிலும் இன்றும் பூசை நடக்கிறது. வருபவர்களில் மிஷன் மக்களின் வழிவந்த குடும்பங்களும் உண்டு. சான் ஹுவானில் அகழாய்வில் எடுத்துப்போன முன்னோரின் எலும்புகளை நெடுநாள் போராடித் திரும்பப் பெற்று, 1999இல் அங்கேயே அடக்கம் செய்தார்கள். அலமோ வளாகத்தில் கிடைக்கும் எலும்புகளை யார், எப்படிக் கையாள்வது என்ற சச்சரவு நீதிமன்றம் வரை போனது. 2015இல் ஐந்து மிஷன்களும் காப்ராஸ் பண்ணையும் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் ஞாயிற்றுக்கிழமை போய் மெக்சிகோவின் மரியாச்சி இசையோடு நடக்கும் சான் ஹொசேவின் பூசையைக் கேளுங்கள். சுவரையும் வாய்க்காலையும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் வார நாள்தான் வசதி.